மைக் ஐயாத்துரையிடம் மிஞ்சிய வார்த்தை

அந்த ஸ்டிக்கரைச் சொறியாதீங்க அண்ணாச்சி. அரிக்கத்தான் செய்யும். எனக்கும் அரிச்சிது. நெத்தியில, காதுக்குப் பின்னால, உச்சியிலன்னு வட்ட வட்டமா ஒட்டிவிட்டிருக்காங்கள்லா, அதுல ஒண்ணு நகந்தாலும் கம்ப்யூட்டருக்குக் கணக்கு தப்பிரும். அதோடதான உங்களுக்கு ஸ்கேன் எடுத்தாங்க? நாளைக்கு அதை வச்சுத்தான் ஸ்கேன்ல இருக்க தலையும் உங்க தலையும் ஒண்ணுன்னு அது கண்டுபிடிக்கும். டாக்டர் ஒரு குச்சியால உங்க மண்டையில இங்கன தொட்டாருன்னா, திரையில அதே எடத்துல புள்ளி நிக்கும். உள்ள எவ்வளவு ஆழத்துல கட்டி இருக்கு, பக்கத்துல என்ன ஓடுதுன்னு எல்லாம் அதுல தெரியும். நம்ம தலைக்கு வழி காட்டுற மேப்புன்னு வச்சுக்கிடுங்க. அதனால சொறியாதீங்க.

காலையில இருந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன், இன்னும் பேரைச் சொல்லல பாருங்க. என் பேரு ஐயாத்துரை. விளாத்திகுளம் பக்கம் வந்து மைக் ஐயாத்துரைன்னு கேட்டா எந்த டீக்கடையிலயும் சொல்லுவாங்க. கபடி மேட்ச்சுக்கு வர்ணனை சொல்லுறது நாந்தான். பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு, எங்க மேட்ச் நடந்தாலும் கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. உங்களுக்கு இருக்க மாதிரியேதான் எனக்கும் இருந்துச்சு. இடது பக்கம், பேச்சு ஓடுற எடத்தை ஒட்டி. என்னையும் முழிக்க வச்சுத்தான் ஆபரேசன் பண்ணாங்க. நீங்க பயந்துபோயி இருக்கீங்க, வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. வந்திருக்கேன். இப்படி நிறைய பேருக்கு வந்து சொல்லிருக்கேன். உங்க வீட்டம்மா டீ வாங்கிட்டு வர நேரமாகும்லா? கேன்டீன்ல கூட்டமா இருந்துச்சு. சொல்லுதேன்.

எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? பைனல் மேட்ச். நல்ல கூட்டம். நான் மேடையில உக்காந்து, "வாராரு வாராரு, வலது ஓரத்துல வாராரு, காலை நீட்டுதாரு, கோட்டைத் தொடுதாரு"ன்னு போய்ட்டே இருக்கேன். அந்தப் பையன் பேரைச் சொல்லணும். பேரு தெரியும். முகம் தெரியும், அவன் அப்பனைத் தெரியும். வாயில வரல. "வாராரு வாராரு"ன்னே நிக்கி. கொஞ்ச நேரத்துல அதுவும் கொழகொழன்னு ஆயிருச்சு. வலது கை வெடவெடன்னு ஆடுது. கூட்டத்துல ஒருத்தன் விசிலடிச்சான். "அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஓவராயிட்டு"ன்னு ஒருத்தன் கத்துனான். நான் குடிக்கவே மாட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கு மேடையை விட்டு எறங்கும்போது பட்ட அவமானம்தான் பெரிசுன்னு அப்ப நெனச்சேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

தூத்துக்குடியில ஸ்கேன் எடுத்துட்டு, மதுரைக்குப் போங்கன்னுட்டாங்க. இங்க டாக்டர் ஜெபராஜ் கம்ப்யூட்டர்ல என் மூளையைத் திருப்பித் திருப்பிக் காட்டுனாரு. கட்டி ஒரு உருண்டையா, அதை ஒட்டி கலர் கலரா நூலு மாதிரி ஓடுது. "இந்த நீலமும் பச்சையும் உங்க பேச்சு போற பாதை. கட்டி அதைத் தள்ளிக்கிட்டு நிக்குது. மயக்கம் குடுத்துட்டு எடுத்தா, எதை வெட்டுறோம்னு திரையில தெரியும், ஆனா உங்க பேச்சு போச்சா இருக்கான்னு தெரியாது. நீங்க பேசிட்டே இருந்தாத்தான் எனக்குத் தெரியும்"னாரு. என் பொண்டாட்டி வடிவு அழுதா. நான் கேட்டேன், "சார், பேச்சு போனா நான் எதுக்கு?"ன்னு. "அதுக்குத்தான் சுடர்மதி இருக்காங்க"ன்னாரு.

காலையில உங்களுக்குப் படம் காட்டிட்டுப் போச்சே, அந்தப் பொண்ணுதான். பேச்சுக்கு வைத்தியம் பாக்குறது. ஆபரேசன் நடக்கும்போது நமக்கு நேரா உக்காந்து படத்தைக் காட்டிப் பேர் கேக்கும். எனக்கும் முந்துன வாரமே வந்து பழக்கிச்சு. சாவி, பூட்டு, ஆடு, அருவான்னு படம். "இது ஒரு"ன்னு ஆரம்பிச்சு, பேரைச் சொல்லணும். நல்ல பொறுமை. நல்ல தமிழ். நான் கபடி வர்ணனை சொல்லுதவன்னு தெரிஞ்சதும் அதுக்கு ஒரே சந்தோசம். "ஐயா, அப்போ நாம ஆபரேசன் தியேட்டர்ல மேட்ச் நடத்திருவோம். நான் ஆட்டக்காரங்க பேரைச் சொல்றேன், நீங்க வர்ணனை சொல்லுங்க"ன்னுச்சு.

நான் யாரைப் பாத்தாலும் எந்த ஊருன்னு கேப்பேன் அண்ணாச்சி. மரியாதைக்குக் கேக்குறதுதான? கேட்டேன். எட்டயபுரம் பக்கம்னுச்சு. அட, நம்ம பக்கத்துப் புள்ளைன்னு சந்தோசப்பட்டேன். "எட்டயபுரத்துல எந்தத் தெரு?"ன்னேன். அது படத்தை விட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு.

"காலனி, ஐயா."

"அதுக்கென்னம்மா, எல்லாம் மனுசந்தான்"னு சொன்னேன். நான் அப்படி வித்தியாசம் பாக்குற ஆளு இல்ல.

"நான் ஒண்ணும் கேக்கலையே ஐயா"ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. அடுத்த படத்தைக் காட்டிச்சு. கொக்கு.

மறுநாள் நான் டாக்டரைத் தனியாப் பாத்தேன். தப்பா எதுவும் கேக்கல. "சார், மூஞ்சிக்கு நேரா அவ்வளவு நேரம் ஒரு பொம்பளப் புள்ள உக்காந்திருந்தா எனக்குக் கூச்சமா இருக்கும். ஆம்பள ஆள் யாராச்சும் இருந்தா போடுங்களேன்"னேன். அவரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"நர்ஸ் எல்லாம் பெண்கள்தானே. அவங்க உங்க உடம்பைத் துடைச்சுவிடும்போது கூச்சம் இல்லையா?"

"அது வேற சார்."

"என்ன வேற?"

நான் சுவத்துல தொங்குன காலண்டரைப் பாத்தேன். அவரும் மேல கேக்கல. "உங்க பேச்சைக் காப்பாத்த இங்க இருக்கறது அவங்க ஒருத்தங்கதான். வேணாம்னா சென்னைக்கு எழுதித் தரேன்"னாரு. வேண்டாம் சார், இருக்கட்டும்னு வந்துட்டேன். வடிவுகிட்டகூட இதைச் சொல்லல.

ஆபரேசனுக்குப் பயப்படாதீங்க. உண்மையாவே சொல்லுதேன், வலிக்காது. மொதல்ல தூங்க வச்சிருவாங்க. தோலை மரத்துப்போக வச்சு, மண்டையைத் திறந்த பெறகு எழுப்புவாங்க. தலை அசையாது, ஒரு இடுக்கியில மாட்டியிருக்கும். முகத்துக்கு மேல கூடாரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துணி. அந்தக் கூடாரத்துக்குள்ள நீங்களும் அந்தப் பொண்ணும்தான். அந்தப் பக்கம் டாக்டர் சத்தம் மட்டும் கேக்கும். மூளைக்கு வலி தெரியாதாம். லேசாக் கரண்டை வச்சுத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. தொடும்போது நம்ம பேச்சு நின்னுச்சுன்னா, அந்தப் பொண்ணு "நின்னுடுச்சு சார்"னு சொல்லும். அங்க கத்தி வைக்க மாட்டாரு.

எனக்கு மொத தடவை நின்னப்ப உசுரே போயிட்டு. பூட்டுப் படத்தைப் பாக்கேன். பூட்டுன்னு தெரியுது. "இது ஒரு"... அவ்வளவுதான். வாய் கல்லாட்டம் ஆயிட்டு. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுச்சு. "பயப்படாதீங்க ஐயா. கரண்டை எடுத்ததும் வந்துரும்"னுச்சு. எடுத்தாரு, வந்துச்சு. "பூட்டு பூட்டு பூட்டு"ன்னு மூணு தடவை சொன்னேன். நர்ஸெல்லாம் சிரிச்சாங்க. அந்தக் கையை நான் விடல அண்ணாச்சி. கடைசி வரைக்கும் விடல. அன்னைக்கு எனக்கு அந்தக் கை யாரு கைன்னு தோணவே இல்ல.

பெறகு மேட்ச் ஆரம்பிச்சிட்டு. அது ஒவ்வொரு பேரா எடுத்துக் குடுக்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன். "உள்ள புகுந்துட்டாரு, நாலு பேரு சுத்தி நிக்காங்க, பிடிச்சிட்டாங்க, பிடிச்சிட்டாங்க, இல்ல இல்ல, வழுக்கிட்டாரு!"ன்னு. டாக்டர் அந்தப் பக்கம் திரையைப் பாத்துக் கட்டியை எடுத்துக்கிட்டே, "பாயிண்ட் யாருக்கு ஐயாத்துரை?"ன்னு கேட்டாரு. தியேட்டரே கலகலன்னு இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு மேட்ச் நான் எங்கயும் சொன்னதில்ல. வெளிய கொண்டு வரும்போது வடிவுகிட்ட, "ஏ, ஜெயிச்சிட்டோம்"னேன்.

எப்பவும் இந்தக் கதையை இதோட நிறுத்திருவேன். கேக்கவங்களுக்குத் தைரியம் வரும், நானும் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவேன்.

இன்னைக்கு நிறுத்தல. கேளுங்க.

மறுநாள் காலையில முழிக்கேன். தாகமா இருக்கு. வடிவு பக்கத்துல உக்காந்து தலையைக் கோதிக்கிட்டு இருக்கா. தண்ணின்னு கேக்கணும். வாயைத் தொறந்தேன். வேற வந்துச்சு.

என்ன வார்த்தைன்னு கேக்காதீங்க. காலனி ஆளுங்களைச் சொல்லுற வார்த்தை. நம்ம பக்கத்துல ஏசுறதுக்குச் சொல்லுவாங்கள்லா, அது. உங்களுக்குத் தெரியும்.

வடிவு திடுக்குன்னு பாத்தா. நான் கையை ஆட்டிட்டு மறுபடி தண்ணின்னு சொல்ல வாயெடுத்தேன். மறுபடி அதுதான். மனசுக்குள்ள தண்ணி இருக்கு, செம்பு இருக்கு, தாகம் இருக்கு. வாய்க்கு வரும்போது அது ஒண்ணுதான் வருது. டாக்டர் வந்தாரு. வணக்கம்னு சொல்லப் போயி அவரையும் அதையே சொன்னேன். பிரட் கொண்டு வந்த பொம்பளைக்கும் அதுதான். டாக்டர் உடனே ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு. கட்டி போயிட்டு, பாதை அறுபடல, சுத்தி வீக்கம் இருக்கு, அதான் பேச்சு அடைபட்டு நிக்கி, வாரக்கணக்குல ஆகலாம், வந்துரும்னு வடிவுக்குச் சொன்னாரு.

"அப்ப அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படி வருது சார்?"ன்னு வடிவு கேட்டா.

"ஒவ்வொரு வார்த்தையையும் நாம தேடி எடுத்துப் பேசுறோம். ஆனா ரொம்பப் பழகுன சிலது தேடாமலே வந்துரும். சாமி பேரு, ஒண்ணு ரெண்டு மூணு, திட்டுறது. வழி அடைபட்டாலும் அதெல்லாம் வரும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு"ன்னாரு.

பக்கத்துக் கட்டில்ல ஒரு திருச்செந்தூர்க்காரரு. பக்கவாதம். அவருக்கும் பேச்சு போயிட்டு. அவருக்கு மிஞ்சுனது "முருகா". பசிச்சாலும் முருகா, ஒண்ணுக்கு வந்தாலும் முருகா. அவரைப் பாக்க வந்தவங்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. என் கட்டிலைப் பாத்து வந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

மத்தியானம் அந்தப் பொண்ணு வந்துச்சு. படத்தோட. சிரிச்ச முகமா, "என்ன ஐயா, மேட்ச் முடிஞ்சு ஓய்வெடுக்கறீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே ஸ்டூலை இழுத்துப் போட்டுச்சு. வராதே வராதேன்னு எனக்குள்ள கத்துறேன். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அது சாவிப் படத்தைக் காட்டி, "இது ஒரு..."ன்னுச்சு. பழக்கம் பாருங்க. ஆபரேசனுக்கு முந்தி அத்தனை நாள் சொல்லிப் பழகுன வாய். தானாத் தொறந்துட்டு.

அதோட மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். அந்த வார்த்தையை.

வடிவுக்குச் சொன்னேன், டாக்டருக்குச் சொன்னேன், பிரட்காரிக்குச் சொன்னேன். அவங்களுக்கெல்லாம் அது யாருக்கோ வச்ச பேரு. அந்தப் பொண்ணுக்கு அப்படி இல்லைல்லா.

அது கையில இருந்த படம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. வடிவு பாஞ்சு வந்து, "அது நோயிம்மா. வீட்டுல அவரு அப்படிப் பேசவே மாட்டாரும்மா. சத்தியமா"ன்னா. அந்தப் பொண்ணு அவளைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. "சரி"ன்னுச்சு. "இது சாவி. சா... சொல்லுங்க, சா"ன்னுச்சு.

வடிவு பொய் சொன்னா அண்ணாச்சி. எனக்காகச் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா. எங்க அப்பா வாயில கெடந்தது அந்த வார்த்தை. அவரு கதிரடிக்குற களத்துல, வேலைக்கு வந்தவங்களைப் பாத்தே சொல்லுவாரு. நான் களத்துல சொன்னதில்ல, அந்தக் காலம் போயிட்டு. வீட்டுக்குள்ளதான். பையன் சேறோட வந்தா அதைச் சொல்லி ஏசுவேன். ஆடு செடியைக் கடிச்சா ஆட்டை அதைச் சொல்லி ஏசுவேன். யாரையும் மனசுல வச்சுச் சொன்னதில்ல. ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிருப்பேனோ. முருகான்னு அத்தனை தடவை சொன்னதில்ல போல.

அன்னைக்கு ஆரம்பிச்சு வாயை மூடிட்டேன். பசிச்சா வயித்தைத் தொட்டுக் காட்டுவேன். அந்தப் பொண்ணு வந்தா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவேன். அது தினமும் வந்துச்சு. நான் திரும்புறது இல்ல. ஒரு நாள் வடிவை வெளிய அனுப்பிட்டு, சுவர்ப் பக்கமா ஸ்டூலைப் போட்டு என் முகத்துக்கு நேரா உக்காந்துச்சு.

"ஐயா, நீங்க வெக்கப்பட்டு வாயை மூடிட்டா உங்க பேச்சு வராது. இப்ப விட்டா பெறகு கஷ்டம். அந்த வார்த்தை வந்தா வரட்டும். நான் கேட்டுக்கறேன். நான் கேக்காததா? வாயைத் திறங்க."

நான் அழுதேன். அழுறதுக்கு வார்த்தை வேண்டாம்லா.

அது என் கண்ணீரைப் பாத்து ஒண்ணும் உருகல. அப்படியே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பெறகு மூச்சை இழுத்து, "கபடி கபடி கபடி கபடி"ன்னு ஆரம்பிச்சிச்சு. ஒரே மூச்சுல. நல்லா ஆடிப் பழகுன ஆளு மாதிரி, விடாம, தாளம் தப்பாம. மூச்சு முடியுற நேரத்துல என் உதட்டைப் பாத்துக் கையை நீட்டிச்சு, நீ எடுன்னு. எடுத்தேன் அண்ணாச்சி. "கபடி கபடி கபடி." வந்துச்சு! அந்த நாத்தம் பிடிச்ச வார்த்தைக்குப் பெறகு என் வாயில வந்த மொத வார்த்தை அது. வெளிய நின்ன வடிவு ஓடி வந்தா.

அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம் வந்துச்சு. கபடி சொல்லிக்கிட்டே இடையில 'தண்ணி'ன்னு சொல்ல வைக்கும். தியேட்டர்ல நான் சொன்ன வர்ணனையைப் பதிவு பண்ணி வச்சிருந்தாங்க, அதைப் போட்டு என்னைக் கூடவே சொல்லச் சொல்லும். நடுவுல அந்த வார்த்தை வந்து விழத்தான் செய்யும். விழுந்தா, எச்சியைத் துடைக்க மாதிரி, "அது வேண்டாம், அடுத்தது"ங்கும். போகப் போகக் குறைஞ்சுச்சு. ஒரு வாரமா வரலன்னு வடிவு சொன்ன அன்னைக்குத்தான் வீட்டுக்கு விட்டாங்க.

ஓரளவு பேச வந்ததும் அதுகிட்ட, "நீ கபடி ஆடிருக்கியாம்மா?"ன்னு கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல ஆடினேன். எங்க அண்ணன் நல்லா ஆடுவான். எங்க காலனியில டீமே இருந்துச்சு."

"அப்படியா? நம்ம ஊரு மேட்ச்சுக்கு வந்ததில்லையே?"

"உங்க ஊர் மேட்ச்சுக்கு எங்களுக்கு நோட்டீஸ் வராது ஐயா."

அது கமிட்டிக்காரங்க முடிவு பண்ணுறது அண்ணாச்சி. நான் மைக்கு மட்டுந்தான் பிடிக்கேன். யாரைக் கூப்பிடணும், யாரைக் கூப்பிடக் கூடாதுன்னு என்கிட்டயா கேப்பாங்க? இதை அதுகிட்டச் சொல்லிருக்கலாம். சொல்லல. சொன்னா என்னமோ மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.

ஊருக்குப் போன பெறகு ஒரு மேட்ச்சுக்குக் கூப்பிட்டாங்க. மைக் ஐயாத்துரை எமன்கிட்டப் போயிட்டு வந்துட்டாருன்னு போஸ்டர் அடிச்சு, மாலை போட்டாங்க. மைக்கைப் பிடிச்சேன். நல்லாத்தான் வந்துச்சு. பாதியில ஒரு பையன் பேரு வரல. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில, அந்த வார்த்தை வந்துருமோன்னு சட்டையெல்லாம் நனைஞ்சிட்டு. மைக்கை இன்னொருத்தன் கையில குடுத்துட்டு எறங்கிட்டேன். என் பயம் என்னன்னு சொல்லவா? மைக்குல அந்த வார்த்தையைச் சொன்னா கூட்டம் என்னை அடிக்கும்னு பயமில்ல. கூட்டம் கை தட்டும்னுதான் பயம். எங்க ஊரு எனக்குத் தெரியும்லா.

அடுத்த தடவை ஸ்கேன் பாக்க இங்க வந்தப்ப, ஒரு முடிவோடதான் வந்தேன். பஸ் முழுக்க மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஸ்கேன் சுத்தமா இருந்துச்சு. டாக்டர் கை குடுத்தாரு. பெறகு அந்தப் பொண்ணு ரூமுக்குப் போனேன். நின்னுக்கிட்டே, "அம்மா, நீங்க என்னை மன்னிக்கணும்"னேன். அதுகிட்ட நான் 'நீங்க'ன்னு சொன்னது அன்னைக்குத்தான். "அது நான் சொன்னதில்ல, வியாதி சொன்னது. ஆனாலும் மன்னிக்கணும்."

அது உக்காரச் சொல்லுச்சு. நான் உக்காரல.

"ஐயா, வியாதியில வந்ததுக்கு மன்னிப்பு வேண்டாம். அது என் தொழில். ஆபரேசனுக்கு முன்னாடி உங்களுக்கு எல்லா வார்த்தையும் இருந்துச்சு. அப்போ போய் டாக்டர்கிட்ட ஆம்பள ஆள் கேட்டீங்கள்ல? எனக்கு வலிச்சது அது."

அதுக்குத் தெரியும்! தியேட்டர்ல என் கையைப் பிடிச்சப்பவே தெரியும். அத்தனை நாளும் தெரிஞ்சுக்கிட்டேதான் "சா சொல்லுங்க, சாவி சொல்லுங்க"ன்னு உக்காந்திருந்திருக்கு.

"டாக்டர் சொன்னாரா?"ன்னேன். அப்பவும் பாருங்க, யாரு சொன்னாங்கன்னுதான் கேக்கத் தோணுச்சு.

"நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். கதவு திறந்திருந்துச்சு."

"நான் கூச்சத்துக்குத்தாம்மா..."ன்னு ஆரம்பிச்சேன். அது என்னையே பாத்துச்சு. மேல வரல. இந்தத் தடவை கரண்டும் இல்ல, வீக்கமும் இல்ல.

அது மேசையில கெடந்த படங்களை அடுக்கி வச்சிட்டுப் பேசுச்சு. "புதுசா வர்றவங்க ரொம்பப் பயப்படறாங்க ஐயா. நாங்க சொன்னா நம்பறதில்ல. ஆபரேசன் பண்ணிக்கிட்டவங்க சொன்னா நம்புவாங்க. நீங்க வந்து பேசுங்க. நடந்ததை முழுசாச் சொல்லுங்க. பேச்சு போனதையும் என்ன வந்துச்சுங்கறதையும் சொல்லுங்க. வேற யாருக்காவது அப்படி ஏதாச்சும் வந்தா, குடும்பம் வெக்கப்பட்டு வாயை மூட வச்சிடக் கூடாது. அதுக்காக"ன்னுச்சு. மன்னிச்சேன்னு சொல்லல. மன்னிக்கலன்னும் சொல்லல. நான் வாறேன்னேன்.

கதவுகிட்டப் போகும்போது கூப்பிட்டுச்சு. "ஒண்ணே ஒண்ணு ஐயா. நான் யாரு, எந்தத் தெருன்னு மட்டும் சொல்ல வேண்டாம். அவங்க தலையைத் திறந்திருக்கும்போது நான் எதிர்ல உக்காந்திருப்பேன். நான் சொல்றதை அவங்க கேக்கணும்."

சரிம்மான்னுட்டு வந்தேன்.

வந்து பேசத்தான் செய்யுதேன். வந்தவங்க எல்லாருக்கும், "ஏ, ஜெயிச்சிட்டோம்"ங்கிற வரைக்கும்தான் சொல்லிருக்கேன். அதுக்கு மேல வாய் வரல. மிச்சத்தையும் சேத்துச் சொல்லுறது உங்ககிட்டதான் மொத தடவை. ஏன்னு கேளுங்க. காலையில அந்தப் பொண்ணு படம் காட்டிட்டு வெளிய போனதும், நீங்க என் பக்கம் சாஞ்சு மெதுவா என்ன கேட்டீங்க? "அந்தப் புள்ள யாரு, நம்ம ஆளுகளா?"ன்னு கேட்டீங்க. எனக்குச் சுரீர்னுச்சு. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. இவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும், அப்பதான் அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாருன்னுதான் ஆரம்பிச்சேன்.

என்ன அண்ணாச்சி, ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

ஐயோ.

சொல்லிட்டனா. தெருவையும் சொல்லிட்டேனே. எல்லாத்தையும் சொல்லுதேன்னு அதையும் சேத்துல்லா சொல்லிட்டேன். அது ஒண்ணைத்தான சொல்ல வேண்டாம்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான அண்ணாச்சி.

இங்க பாருங்க. டாக்டர்கிட்ட வேற ஆள் கேக்காதீங்க. என்ன? நாளைக்கு அந்தக் கூடாரத்துக்குள்ள கையைப் பிடிச்சா விட்டுராதீங்க. நான் சொன்னதை நான் சொல்லவே இல்லன்னு நெனச்சுக்கிடுங்க. முடியும்லா? மறந்துருங்க.

அந்தா வருது. படத்தைக் கையில வச்சுக்கிட்டு... வாராங்க. அண்ணாச்சி, அப்படிப் பாக்காதீங்க. உங்களைக் கும்புடுதேன். அவங்களை அப்படிப் பாக்காதீங்க.